பட்ஜில வருசத்தையும் போடுங்கோ

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன ஞாயிறு உங்கட பேப்பர்ல விளையாட்டுப் பக்கத்தின்ர கீழ்மூலையில ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தியள், அமெரிக்காவில ஆரோ ஒரு பழைய பேஸ்போல் "பதக்கத்தை" ஏலத்தில நல்ல விலைக்கு எடுத்தவையாம் எண்டு. படம் மையில அரைவாசி அழிஞ்சுதான் கிடந்தது, எண்டாலும் பாத்த உடன எனக்கு விளங்கிட்டுது அது பதக்கம் இல்லை, சட்டையில குத்துற பட்டன் பட்ஜ். பதக்கம் வெண்டவனுக்குக் குடுக்கிறது. இது பாக்க வந்த சனம் குத்திக்கொண்டு நிண்டது. அதுக்குக் கீழ "ஒரு தகரத் துண்டுக்கு இவ்வளவு காசோ" எண்டும் எழுதி முடிச்சிருந்தியள், அந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்தக் கடிதம், கோவிக்காதேங்கோ.

நான் கிளிநொச்சி மாவட்டத்தில பரந்தன் பக்கம். சின்னதா ஒரு கடை, போட்டோக்குப் பிரேம் போடுறது, லமினேற் பண்ணுறது, அதோட இப்ப கொஞ்ச வருசமா ஒரு பட்ஜ் மெசினும் வச்சிருக்கிறன், கொழும்பில பாவிச்ச மெசின் ஒண்டு மலிவா வந்ததெண்டு வாங்கினது, 58 மில்லிமீற்றர் சைஸ். ஆகையால தகரத்தைப் பற்றிக் கதைக்க எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கு எண்டு நினைக்கிறன்.

முதல் அந்தத் தகரம் எங்கயிருந்து வந்ததெண்டு சொல்லுறன். கதை தொடங்கிறது யானையில. 1860களில அமெரிக்காவில பில்லியர்ட்ஸ் விளையாட்டு சரியான மும்முரம், பந்தெல்லாம் யானைத் தந்தத்தில கடைஞ்சது, தந்தம் தட்டுப்பாடாகி விலையும் ஏற, பந்து செய்யிற கொம்பனி ஒண்டு தந்தத்துக்குப் பதிலா வேற சாமான் கண்டுபிடிக்கிறவருக்கு 10,000 டொலர் எண்டு அறிவிச்சுது. ஜோன் வெஸ்லி ஹயாற் எண்ட ஒராள் அதுக்கெண்டு மினக்கெட்டு, நைட்ரோசெலுலோசையும் கற்பூரத்தையும் சேத்து அமத்தி 1870 அளவில செலுலோயிட் எண்ட சாமானைச் செய்து காப்புரிமையும் எடுத்தார். ஓம், கோயில்ல கொளுத்திற அதே கற்பூரம்தான். எங்கட பக்கம் கொம்பன் யானையைக் காணுறதே அருமை, கிடைக்கிறதெல்லாம் வேலியைப் பிடுங்கிற, தந்தமில்லாத அலியன்தான், எண்டாலும் உலகத்தில எங்கயோ நிண்ட கொம்பன்களுக்கு அந்த மனிசன் ஒரு உதவி செய்திருக்கிறார் எண்டு சொல்லலாம். பிறகு அவற்ர கொம்பனி நியூ ஜேர்சியில நியூவார்க் எண்ட ஊருக்கு மாறினது.

அதே நியூவார்க்கிலதான் 1892இல வைற்ஹெட் அன்ட் ஹோக் எண்டு ஒரு கொம்பனி தொடங்கினது. அச்சடிச்ச கடதாசிக்கு மேல மெல்லிய செலுலோயிட் தாளை வச்சு, ரெண்டையும் ஒரு தகர ஓட்டுக்கு மேல இழுத்து மடிச்சு, பின்பக்கம் ஒரு வளையத்தால இறுக்கி, அதுக்குள்ள வளைச்ச கம்பி ஊசியைச் செருகிவிடுறது. இந்த வேலைக்கு 1896இல அவைக்குக் காப்புரிமை கிடைச்சுது. அந்த வருசமே மக்கின்லியும் பிரயனும் போட்டி போட்ட ஜனாதிபதித் தேர்தல், ரெண்டு பக்கமும் பட்ஜை அள்ளி விசுக்கினவை. அரசியல்காரர் தொடங்கினதை ரெண்டே வருசத்தில விளையாட்டுப் பிடிச்சிட்டுது, 1898 அளவில பெப்சின் சுவிங்கம் கொம்பனி ஒண்டு பேஸ்போல் வீரர்ற முகம் போட்ட பட்ஜ் விட்டது, பேந்து 1910இல இருந்து 1912 வரைக்கும் சுவீற் கப்பரல் எண்ட சிகரட்டோட 150க்கு மேற்பட்ட வீரர்ற பட்ஜுகள் வந்தது. எங்கட அஞ்சு ரூபாக் குத்தி அளவுதான் அது, முன்னால முகம், பின்னால சிகரட் விளம்பரம். தேப்பன் பத்த, மகன் பட்ஜ் சேர்த்த காலம். நல்ல பழக்கம் எண்டு நான் சொல்ல வரேல்லை.

இப்ப நான் சொல்ல வந்த இடம், பின்பக்கம். சேர்க்கிற ஆக்கள் பட்ஜைக் கையில எடுத்தா முதல்ல திருப்பித்தான் பாப்பினம். பழைய செலுலோயிட் பட்ஜுகளின்ர முதுகில ஒரு சின்ன வட்டக் கடதாசி வச்சிருப்பினம், அதில செய்த கொம்பனியின்ர பேர், ஊர், காப்புரிமைத் திகதி எல்லாம் குனி எழுத்தில இருக்கும். இதில ஒரு சுழியும் இருக்கு, 1896 எண்டு போட்டிருக்கிறதைப் பாத்துப்போட்டு கனபேர் பட்ஜே 1896இல செய்ததெண்டு நினைச்சுக் காசைக் குடுத்திடுவினம், அது காப்புரிமையின்ர வருசம், பிறகு எத்தினையோ வருசம் அதே கடதாசியைத்தான் வச்சவை. அப்ப எப்பிடிக் கண்டுபிடிக்கிறது எண்டா முன்னால இருக்கிறவர் எந்த ரீமில எந்த வருசம் விளையாடினவர், கொம்பனிப் பேரை எப்பிடி எழுதியிருக்கு, இதுகளை ஒண்டோட ஒண்டு வச்சுப் பாக்கவேணும். துப்பறியிற வேலை. இரவு சாப்பாட்டையும் மறந்து இருந்திருக்கிறன், மனிசியைக் கேட்டா சொல்லுவா.

இன்னொரு வகை லித்தோ. கடதாசியும் இல்லை செலுலோயிட்டும் இல்லை, தகரத் தாளிலயே நேர அச்சடிச்சு வெட்டி அமத்திறது. மலிவு, கெதியாச் செய்யலாம், ஆனா ஒருக்கா கீறுப்பட்டா தகரம் வெள்ளையாத் தெரியும். இது வேணுமெண்டா உங்கட "தகரத் துண்டு" எண்ட சொல்லுக்குப் பொருந்தும்.

செலுலோயிட்டோ லித்தோவோ எண்டு சந்தேகமெண்டா ஓரத்தைப் பாருங்கோ. செலுலோயிட்டெண்டா தாள் மடிஞ்சு வளையத்துக்குள்ள போறது தெரியும். பெருவிரலால நல்லாத் தேய்ச்சு மணந்தா சிலதில இன்னும் கற்பூரம் மணக்கும். நெருப்புக்குக் கிட்ட மட்டும் கொண்டு போகாதேங்கோ, பக்கெண்டு பத்தும். மேசைப்பந்துக்கும் கனகாலம் இதே செலுலோயிட்தான், 2014இலதான் சர்வதேசச் சம்மேளனம் பிளாஸ்ரிக்குக்கு மாறினது, பள்ளிக்கூடத்தில நெளிஞ்ச பிங்பொங் பந்தைக் கொளுத்தி அடி வாங்கின ஆக்களுக்கு நான் சொல்லுறது விளங்கும்.

பட்ஜிலயே எனக்குப் பெரிசாப் படுறது 1947இன்ர பட்ஜ். அந்த வருசம் ஏப்ரல் 15ஆம் திகதி புறூக்லின் பேஸ்போல் ரீமுக்கு ஜாக்கி றொபின்சன் எண்ட கறுப்பு இன வீரர் இறங்கினார், கறுப்பு இனத்தவர் ஒருத்தரையும் பெரிய லீக்கில விளையாட விடாமல் அம்பது அறுவது வருசமா வச்சிருந்த தடை அண்டைக்குத்தான் உடைஞ்சது. மைதானத்தில அவரைத் தூசணத்தால பேசினவையும் இருந்தவை, அதே நேரம் "நான் ஜாக்கி பக்கம்" எண்டு எழுதின பட்ஜை நெஞ்சில குத்திக்கொண்டு நிண்ட சனமும் இருந்தது. யோசிச்சுப் பாருங்கோ, சில சதத்துக்கு வாங்கின சாமான்தான், ஆனா அண்டைக்கு அதைக் குத்திக்கொண்டு பஸ்ஸில ஏறுறதுக்கு நெஞ்சு வேணும். ஸ்கோர் எல்லாப் புத்தகத்திலயும் இருக்கு, ஆனா கலரியில ஆர் எந்தப் பக்கம் நிண்டது எண்டதை அந்தத் தகரம்தான் வச்சிருக்கு. பிறகு வந்த காலத்தில மைதானத்து வாசல்களில வீரர்ற படம் போட்ட பட்ஜில ரிபனும் கட்டி குட்டிப் பந்து, குட்டி மட்டை எல்லாம் தொங்கவிட்டு வித்தவை, பாத்தா எங்கட இல்ல விளையாட்டுப் போட்டியில பிரதம விருந்தினருக்குக் குத்திற சாமான் மாதிரியே இருக்கும். 1971இல அலியும் பிறேசியரும் மோதினதுக்கும் பட்ஜ் வந்தது, அதை விடுவம், குத்துச்சண்டைக் கதை தொடங்கினா கடிதம் முடியாது.

ஒலிம்பிக்கையும் சொல்லவேணும். 1896இல ஏதென்ஸ் ஒலிம்பிக்கில வீரர், நடுவர் ஆர் ஆரெண்டு தெரியிறதுக்கு மட்டையில வட்டம் வெட்டித்தான் குத்தினவையாம். அதில இருந்து வளந்துதான் இண்டைக்கு எனாமல் பூசின உலோகப் பின்னுகளை ஆளுக்காள் மாத்திற பெரிய சந்தையே இருக்கு, 1988இல கல்கரி குளிர்கால ஒலிம்பிக்கில கொக்கா கோலாக்காரர் அதுக்கெண்டு ஒரு நிலையமே திறந்தவை. அந்த எனாமல் பின் வேற, எங்கட பட்டன் பட்ஜ் வேற, ஆனா ரெண்டும் ஒரே வீட்டுப் பிள்ளையள்.

மட்டை வட்டம் எண்டதை வாசிச்ச அண்டைக்கு நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தனான். ஏனெண்டா அப்பிடி ஒண்டு என்னட்டயும் இருக்கு.

தொண்ணூறுகளில எங்கட பக்கம் ஒரு உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி நடந்தது. அது பொருளாதாரத் தடைக் காலம், பற்றறி இல்லை, சைக்கிள் டைனமோவைச் சுத்தித்தான் ரேடியோ கேட்டது, கிரிக்கெற் ஸ்கோரும் அப்பிடித்தான், ஒருத்தன் மிதிக்க நாலு பேர் கேக்கிறது, மிதிக்கிறவன் களைச்சா விக்கெற் விழுந்ததும் தெரியாது. அப்பிடிப்பட்ட நேரத்தில சுற்றுப்போட்டிக்கு பட்ஜ் எங்க அடிக்கிறது? எங்கட சித்திர வாத்தியார் கொப்பி மட்டையில பால்மாப் பேணி மூடியை வச்சு வட்டம் கீறி வெட்டி, மினுங்கல் பேப்பர் ஒட்டி, கறுப்பு மையால "தொண்டர்" எண்டும் அதைச் சுத்தி "உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி" எண்டும் எழுதி, மேல பொலித்தீன் போட்டு ஸ்ரேப்ளர் அடிச்சு, பின்னால சட்டைப்பின் தைச்சுத் தந்தவர். எனக்கு வாசல்ல நிண்டு சைக்கிள் ஒழுங்குபடுத்திற வேலை. எழுத்தெண்டா எழுத்து, அச்சு மாதிரி இருக்கும், "ட்ட"வை அவர் வளைக்கிற வளைவு இப்ப என்ர கொம்பியூற்றரில இருக்கிற ஒரு எழுத்துருவிலயும் இல்லை.

அதோட இன்னொரு பட்ஜும் இருந்தது. 1993இல பெரியம்மாவின்ர மகன் அண்ணை ரொறன்ரோவில இருந்து கொழும்புக்கு வந்த ஒராளிட்டக் குடுத்துவிட்டது, நீலக் குருவித் தலை போட்டது. நான் கன வருசமா அதைக் குருவி காப்பாத்திற சங்கத்தின்ர பட்ஜ் எண்டுதான் நினைச்சுக்கொண்டு இருந்தனான், கேட்டவைக்கும் அப்பிடியேதான் சொன்னனான், வெக்கக்கேடு. பிறகுதான் தெரியும் அது புளூ ஜேய்ஸ் எண்ட பேஸ்போல் ரீம், 1992இலயும் 1993இலயும் வேர்ல்ட் சீரிஸ் வெண்டவை எண்டு.

2008 கடைசியில சண்டையால நாங்கள் ஊரை விட்டு வெளிக்கிடேக்க உதுகளைக் காவ ஏலுமே, அரிசியா பட்ஜா எண்டு வந்தா எது எண்டு சொல்லத் தேவையில்லை. எல்லாத்தையும் ஒரு பிஸ்கட் பேணிக்குள்ள போட்டு சொப்பிங் பையால சுத்தி மாமரத்தடியில தாட்டுப்போட்டுப் போனனாங்கள். 2010இல, மிதிவெடி எடுத்து முடியத் திரும்பி வந்தா வீட்டில கூரை இல்லை, மரம் அரைவாசி இல்லை, வேலிக்குக் கட்டை தாழ்க்கக் கிடங்கு கிண்டேக்கதான் பேணி அலவாங்கில தட்டுப்பட்டது. கை நடுங்கிச்சுது, பேணி எண்டு கண்ட பிறகும் கனநேரம் நடுங்கிச்சுது. திறந்தா, பட்ஜோட போட்டிருந்த தபால் முத்திரையெல்லாம் ஒரே கட்டியா ஒட்டிப்போச்சு. குருவிப் பட்ஜுக்குள்ள தண்ணி இறங்கி கண் இருந்த இடத்தில மண்ணிறப் படை, பின்னால வளையம் முழுக்கக் கறல், ஊசி தொட உடைஞ்சுது. ஆனா ஓரத்தில இருந்த 1992 எண்ட எழுத்து மட்டும் அப்பிடியே இருந்தது. மட்டைப் பட்ஜ் பொலித்தீனுக்குள்ள இருந்ததால தப்பிட்டுது, ஸ்ரேப்ளர் கம்பிகள்தான் கரைஞ்சு நாலு சிவப்புப் பொட்டு. "தொண்டர்" இன்னும் வடிவா வாசிக்கலாம்.

இப்ப வில்லங்கம் என்னெண்டா, கனடாவில நடந்த விளையாட்டு எந்த வருசமெண்டு பட்ஜைப் பாத்தே சொல்லலாம், எங்கட ஊர் கிறவுண்டில நான் நிண்டு சைக்கிள் அடுக்கின போட்டி எந்த வருசமெண்டு எனக்கே தெரியேல்லை. அதில வருசமும் இல்லை, ஊரும் இல்லை. இடப்பெயர்வுகள் ஒண்டோட ஒண்டு கலந்து போச்சு. மூண்டு பேரிட்டக் கேட்டன். ஒருத்தர் 93 எண்டுறார், மற்றவர் 95 ஐப்பசிச் சனம் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில இருந்து வந்த பிறகுதான், அவையளின்ர ரீமும் விளையாடினது எண்டு அடிச்சுச் சொல்லுறார், மூண்டாமவர் அந்தப் போட்டியே வேற ஊரில நடந்தது எண்டு என்னோட சண்டைக்கு வாறார். எழுதின வாத்தியாரும் இப்ப இல்லை. ஒரு மூலையில ரெண்டு எழுத்து, ஒரு இலக்கம் போட்டிருந்தா இந்தச் சண்டையே இல்லை.

வாத்தியாரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, ஏனெண்டா நானும் அதே பிழையை விட்டனான். மெசின் வாங்கின புதுசில பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒண்டின்ர இல்ல விளையாட்டுப் போட்டிக்கு 200 பட்ஜ் ஓடர். மேல இல்லத்தின்ர பேர், கீழ ஓரத்தில வளைச்சு வருசம். 58 மில்லிமீற்றர் பட்ஜுக்குக் கடதாசி வட்டம் 70 மில்லிமீற்றர் கிட்ட வெட்டவேணும், மிச்சம் முழுக்க மடிஞ்சு பின்னுக்குப் போகும், எனக்கு அது தெரியும், ஆனா ஸ்கிறீனில பாக்கேக்க எல்லாம் உள்ளுக்கு நிக்கிற மாதிரித்தான் இருந்தது. தகர ஓட்டை வச்சு, கடதாசியை வச்சு, கண்ணாடித்தாளை வச்சு முதல் அமத்து, அங்கால பின்மூடியை வச்சு திருப்பி ரெண்டாவது அமத்து, டக்கெண்டு சத்தம் வரும், எடுத்துப் பெட்டியில போடு. இப்பிடி விடியப்பறம் வரைக்கும் 200ஐயும் முடிச்சுப்போட்டுத்தான் வெளிச்சத்தில பாக்கிறன், வருசத்தின்ர கீழ் அரைவாசி மடிப்புக்குள்ள போட்டுது. 2019 எண்டது தலை வெட்டின பனை மாதிரி, ஆனா தலைகீழா. பிள்ளையள் ஒண்டும் சொல்லேல்லை, சந்தோசமாக் குத்திக்கொண்டு ஓடினதுகள். நான் அண்டைக்கு மைதானப் பக்கமே போகேல்லை.

அதுக்குப் பிறகு என்ர கடையில ஒரு சட்டம். என்ன பட்ஜ் அடிச்சாலும் வருசமும் ஊரும் முகத்தில ஓரத்தில இருந்து நல்லா உள்ளுக்குத் தள்ளி ஒரு தரம், பின்மூடியில பேர்மனன்ற் மாக்கரால ஒரு தரம். போன வருசம் ஒரு ரீச்சர் வந்து பிள்ளையளுக்கு எதிர்வீரசிங்கத்தின்ர படம் போட்டு பட்ஜ் வேணுமெண்டு கேட்டவ, 1958இல டோக்கியோவில ஆசிய விளையாட்டுப் போட்டியில உயரம் பாய்தலில 2.03 மீற்றர் பாஞ்சு இலங்கைக்கு முதல் ஆசியத் தங்கம் எடுத்துத் தந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கத்தைத்தான் சொல்லுறன், இப்பத்தைப் பிள்ளையள் கனபேருக்குத் தெரியாது. முன்பக்கம் 1958 எண்டு போட்டு அடிச்சிட்டு பின்பக்கம் எப்ப செய்ததெண்ட வருசத்தையும் எழுதித்தான் குடுத்தனான். ஏன் இந்த மினக்கேடு எண்டு ரீச்சர் சிரிச்சவ. அமெரிக்காவில பழைய தேர்தல் பட்ஜுகளைப் பாத்து அதே மாதிரிச் செய்து விட, சனம் எது பழசு எது புதுசெண்டு தெரியாமல் ஏமாந்து, கடைசியில 1973இல சட்டமே கொண்டு வந்தவை, போலியா செய்யிறதெண்டா செய்த வருசத்தை அதிலயே போடவேணுமெண்டு. எங்களுக்குச் சட்டம் தேவையில்லை, மாக்கர் காணும்.

ஆகையால கழகங்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் உங்கட பேப்பர் மூலமா ஒரு வேண்டுகோள். இப்ப கிளிநொச்சியில இருந்து முள்ளியவளை வரைக்கும் மாசத்துக்கு ஒரு சுற்றுப்போட்டி நடக்குது, ரீசேட்டுக்கும் கட்டவுட்டுக்கும் செலவழிக்கிற காசில நூறில ஒரு பங்குக்கு பட்ஜ் அடிக்கலாம், அடிக்கிற நேரம் அனுசரணையாளற்ர லோகோவைக் கொஞ்சம் சின்னனாக்கிப்போட்டு வருசம், ஊர், மைதானம் மூண்டையும் போடுங்கோவன். என்னட்டத்தான் அடிக்க வேணுமெண்டு இல்லை, எங்கயும் அடியுங்கோ.

வீட்டில பழசு வச்சிருக்கிறவைக்கும் ஒரு சொல்லு. கறல் எண்டு தேங்காய்ப்பொச்சு, மண், பித்தளை மினுக்கிற பிறாசோ போட்டு உரஞ்சாதேங்கோ, கழுவவும் வேண்டாம், விளிம்பால தண்ணி இறங்கினா கடதாசியில படை பிடிச்சுப் போகும், பேந்து ஒண்டும் செய்யேலாது. வெயில்ல தொங்கவிட்டா நிறம் போகும். செலுலோயிட் பட்ஜை காத்துப் புகாமல் இறுக்கி மூடியும் வைக்காதேங்கோ, அதில இருந்து வாற வாயு அதையே தின்னும். கடதாசி உறையில போட்டு அலுமாரிக்குள்ள வச்சாலே போதும். உறைக்கு மேல பென்சிலால ஆர் தந்தது, எப்ப, எங்க எண்டு எழுதி விடுங்கோ.

அந்த மட்டைப் பட்ஜின்ர முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் போட்டோ எடுத்து இதோட அனுப்பியிருக்கிறன், இடமிருந்தா விளையாட்டுப் பக்கத்தில போடுங்கோ. இறுதியாட்டம் அண்டைக்கு பின்னேரம் திடீரெண்டு மழை, கோல் போஸ்ற் ரெண்டும் பனங்குத்தி, வலை இல்லை, பந்து உள்ளுக்குப் போனதோ வெளியால போனதோ எண்டு பெரிய பிரளி வந்து கடைசியில பெனால்ரியிலதான் முடிஞ்சது. வாசல்ல சைக்கிள் எல்லாம் சரிஞ்சு ஒண்டுக்கு மேல ஒண்டு விழுந்தது, அதை நிமித்தப் போய் வெண்ட ரீம் எது எண்டதையும் நான் பாக்கேல்லை. அண்டைக்கு நிண்ட ஆரும் இதை வாசிச்சா, எந்த வருசம் எண்டு மட்டும் உங்கட பேப்பருக்கு எழுதி விடுங்கோ.

இப்படிக்கு,
பட்ஜ் மெசின்காரன்,
பரந்தன்.